ஜனவரி கடலோரப் பயணம்: சைக்கிளில் கொண்டுபோக எந்த ஹேமக்? 260 செ.மீ. போதுமா?

டெல்டா_ரைடர்:
வணக்கம். ஜனவரி நடுவில் நாகப்பட்டினத்தில் கிளம்பி வேதாரண்யம், தொண்டி, ராமநாதபுரம், தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரி. அங்கிருந்து செங்கோட்டை, ராஜபாளையம், உசிலம்பட்டி, வத்தலக்குண்டு, கடைசியில் கொடைக்கானல். உயரம் 175 செ.மீ., எடை 75 கிலோ. பின் கேரியரில் இரண்டு பக்கப் பைகள், ஹேண்டில்பாரில் ஒரு உருளைப் பை. டென்ட் கம்பி அந்த உருளைப் பைக்குள் நுழையாது, அதனால்தான் ஹேமக் (இரண்டு மரத்துக்கு நடுவே கட்டும் துணித் தொங்கு படுக்கை) யோசனை. கடையில் 260 × 150 செ.மீ. பாராசூட் துணி ஹேமக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கட்டுவதற்கு நைலான் கயிறு வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணம். சரிவருமா?

நாலுமுழம்:
மத்தியானம் புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் சாய 260 போதும். இரவு முழுக்கத் தூங்க முடியாது. துணி கிழிந்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. அது 150 கிலோ வரைகூடத் தாங்கும். பிரச்சினை வடிவத்தில். இரண்டு முனையையும் சுருக்கிக் கட்டிய ஹேமக்கில் நேர்க்கோட்டில் படுத்தால் முதுகு வில்லாக வளையும், முழங்கால் பின்பக்கமாக அழுந்தும். நடுக்கோட்டிலிருந்து 20–30 டிகிரி விலகி மூலைவாட்டில் படுத்தால்தான் உடம்பு சமமாகும். அப்படிப் படுக்கத் துணியில் நீளம் வேண்டும். 300 செ.மீ. துணியில்கூட 175 செ.மீ. ஆளுக்குக் கெண்டைக்காலுக்கு அடியில் துணி ஒரு வரம்பு போல இறுகி நிற்கும். உங்களுக்கு 335 செ.மீ., அதாவது 11 அடி. அகலம் 145–150 போதும். இருவருக்கான ஹேமக் என்று 180–200 செ.மீ. அகலத்தில் விற்பதை வாங்கினால் மிச்சத் துணி முகத்தில் படபடக்கும், எடையும் ஏறும். அகலத்தைக் கூட்டி நீளக் குறையைச் சரிக்கட்ட முடியாது.

அடுத்தது நடுக்கயிறு. ஹேமக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மேலே ஓடும் 2 மி.மீ. டைனீமா (எளிதில் நீளாத செயற்கை இழை) கயிறு. அதன் நீளம் ஹேமக் நீளத்தில் 83 சதவீதம். 335-க்கு 278 செ.மீ. மரம் கிட்டே இருந்தாலும் தள்ளி இருந்தாலும் துணியின் தொய்வு ஒரே அளவில் நிற்க இதுதான் காரணம். ஆள் படுத்த பிறகு அந்தக் கயிற்றை இரண்டு விரலால் கிள்ளித் திருகினால் கொஞ்சம் வளைய வேண்டும். கம்பியாக விறைத்து நின்றால் மரத்தில் சுற்றும் பட்டையை இழுத்துக் கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். கொசுவலையைத் தொங்கவிடவும், டார்ச் மாட்டவும், ஈரத் துண்டு போடவும் அதே கயிறுதான்.

நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். பாரம் ஏற ஏற நீளும்; இரவு பத்து மணிக்கு இடுப்பளவில் கட்டிய ஹேமக் விடியும்போது தரையைத் தொடும். மெல்லிய கயிறு மரப்பட்டையையும் அறுக்கும். 25 மி.மீ. அகல பாலியெஸ்டர் பட்டை வாங்குங்கள். பையில் தைக்கிற பளபளப்பான பாலிப்ரோப்பிலீன் பட்டையும் நீளும், அதிலும் ஏமாறாதீர்கள்.

டென்ட்_கட்சி:
ஒரு கணக்கு போடுங்கள். ஹேமக் 350 கிராம், கொசுவலை 250, பட்டைகள் 200, மேல் தார்ப்பாய் 500, முளை கயிறு 150, முதுகுக்குக் கீழே பாய் 300. மொத்தம் 1.75 கிலோ. அதே எடையில் ஒருவர் படுக்கும் டென்ட் கிடைக்கிறது. அதோடு, தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் என்ன மரத்தில் கட்டப் போகிறார்? சீமைக்கருவேலத்திலா?

நாலுமுழம்:
கணக்கு சரி. எடைக்காக ஹேமக் எடுப்பவர் ஏமாறுவார். சைக்கிளில் அதன் லாபம் வேறு: கம்பி இல்லை, எல்லாம் துணி, எந்த வடிவப் பைக்குள்ளும் திணிக்கலாம். வாய்க்கால் கரை, சரிவு, கல் தரை, நேற்றைய மழைச் சேறு எல்லாவற்றுக்கும் மேலே தூங்கலாம். நம்மூர் வெக்கைக்கு அடியில் காற்று ஓடுவது பெரிய வரம். மரம் விஷயத்தைப் பனங்காட்டான் சொல்லட்டும், அந்தச் சாலை அவருக்குத்தான் அத்துப்படி.

பனங்காட்டான்:
டென்ட்_கட்சி கேட்டது நியாயம்தான். சீமைக்கருவேலம் கட்டுறதுக்கு ஆகாது. தண்டு கோணல், தூரிலேயே கிளை பிரியும், முள்ளு டயரையும் விடாது துணியையும் விடாது. அந்தப் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ரோட்டை விட்டு இறங்குறதே பஞ்சருக்கு வழி.

நாகை–வேதாரண்யம்: தென்னை நிறைய. ஆனா 2018 கஜா புயல்ல சாஞ்ச தோப்பில திரும்ப வச்ச மரங்களுக்குத் தண்டு குட்டை, மட்டை தாழ்வா இருக்கும். வளர்ந்த தோப்பிலயும் தேங்கா விழும், காய்ஞ்ச மட்டை விழும். மட்டையே பல கிலோ இருக்கும், காத்து வேணும்னு இல்ல. தென்னைக்கடியில கட்டாதீங்க, அவ்வளவுதான். கோடியக்கரை சரணாலயத்துக்குள்ள ராத்தங்கலும் வேணாம்.

சவுக்குத் தோப்பு: பாக்க ஆசையா இருக்கும். ஆனா ரெண்டு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில நட்டு, சில வருஷத்திலயே வெட்டிருவாங்க. கை மொத்தத்துக்கு இருக்கிற மரத்துல கட்டினா ரெண்டும் உள்பக்கமா வளையும். குறைஞ்சது 15 செ.மீ. குறுக்களவு இருக்கணும். அந்த மொத்தம் ஓரத்து வரிசையில கிடைக்கலாம். நடுவுல ஒரு மரத்தை விட்டுட்டு அடுத்ததுல கட்டுங்க. தோப்புக்காரர்கிட்ட கேட்டுட்டு.

பனை: ராமநாதபுரம், தூத்துக்குடில இதுதான் கதி. தண்டு இரும்பு, 75 கிலோ அதுக்கு ஒண்ணுமில்ல. மேல பாருங்க. காய்ஞ்ச ஓலை தொங்குற மரம்னா அடுத்ததுக்குப் போங்க. ஓலை விழறது ஒரு பக்கம், கதண்டு (பெரிய குளவி) கூடு இருக்கறது இன்னொரு பக்கம். பகல் வெளிச்சத்துல அண்ணாந்து பாக்காம பனையில எதையும் கட்டக்கூடாது. தண்டு சொரசொரப்பு, பட்டையைத் தேய்க்கும். பழைய சாக்கை மடிச்சு இடையில வைங்க. வடலியோட (இளம் பனை) கருக்கு மட்டை ரம்பம் மாதிரி, தார்ப்பாய் பக்கத்துல போகாம பாத்துக்கங்க.

நல்ல மரம்னா வேம்பு, புளி, புங்கன், பூவரசு. முருங்கை மளுக்குனு ஒடியும், அதுல துணி காயப்போடறதோட சரி. யூகலிப்டஸ் பச்சைக் கிளையைக்கூடத் திடீர்னு உதிர்க்கும்.

நாலுமுழம்:
மேலே சொன்னதோடு இடைவெளிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 278 செ.மீ. நடுக்கயிறு, பட்டை தரைமட்டத்துக்கு 30 டிகிரி, உட்காரும் உயரம் 45 செ.மீ. என்று வைத்தால்:

மரங்களுக்கு இடையே 3.6 மீட்டர் – பட்டையைச் சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் கட்டணும்.
4.5 மீட்டர் – சுமார் 1.9 மீட்டர்.
7.5 மீட்டர் – சுமார் 2.75 மீட்டர். தரையில் நின்றால் கை எட்டாது, கேரியர் மேல் ஏறவும் கூடாது.

7.5 என்று வேண்டுமென்றேதான் போட்டேன். தென்னைக்கு வழக்கமான நடவு இடைவெளி 25 அடி, அது 7.5 மீட்டர். தேங்காய் பயம் இல்லையென்றாலும் அந்தத் தோப்பு நமக்கு ஒத்துவராது. அளக்க டேப் வேண்டாம். கையை விரித்தால் கிட்டத்தட்ட உங்கள் உயரம். இரண்டு கைவீச்சுக்குக் குறைந்தால் நெருக்கம், இரண்டரை என்றால் அருமை.

30 டிகிரியைக் கண்ணால் பிடிக்க ஒரு வழி: கட்டைவிரலை மேலே, ஆள்காட்டி விரலைக் கிடையாக நீட்டுங்கள். ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனிக்குப் போகும் சரிவில் பட்டை இருந்தால் சரி. இதில் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. 75 கிலோ ஆள், 30 டிகிரி: ஒவ்வொரு பக்கமும் 75 கிலோ இழுவை. 10 டிகிரி: 216 கிலோ. 5 டிகிரி: 430 கிலோ. விறைப்பாகக் கட்டினால் மட்டமாகப் படுக்கலாம் என்று நினைத்து இழுப்பவர்கள்தான் பக்கிளை உடைப்பதும் மரத்தைச் சாய்ப்பதும். நன்றாகத் தொய்யவிட்டு மூலைவாட்டில் படுப்பதுதான் மட்டமாகப் படுக்க வழி.

இதனால்தான் தூண் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. அப்படியே ஆள் மேல் சரியும். திண்ணைத் தூண், மதில் சுவர்க் கேட்டுத் தூண் எதிலும் கட்டாதீர்கள். பெட்ரோல் பங்க் கூரையின் இரும்புத் தூண் தாங்கும், ஆனால் இடைவெளி பெரும்பாலும் அதிகம், பங்க்காரரும் சம்மதிக்கணும். பழைய கோயில் மண்டபக் கல்தூணில் பட்டை சுற்றுவது வேண்டாம். மண்டபத்தில் பாய் விரிக்க இடம் கேட்டால் தருவார்கள், அது போதும்.

டெல்டா_ரைடர்:
நன்றி அண்ணா. பட்டை எத்தனை மீட்டர்? கண்ணி கண்ணியாகத் தைத்த பட்டை நல்லதா, பக்கிள் வைத்ததா? சாவிக்கொத்துக் கடையில் கிடைக்கும் அலுமினியக் கொக்கி போதுமா?

நாலுமுழம்:
ஒரு பக்கத்துக்கு 4 மீட்டர். ஓரளவு பெரிய புளியமரத்தின் சுற்றளவே இரண்டரை மீட்டர் இருக்கும். சுற்றி வந்து, சரிவுக்கு ஒரு மீட்டர் விட்டு, முடிச்சுக்கு 30 செ.மீ. பிடித்தால் 3.8 ஆகிவிட்டது.

கண்ணிப் பட்டை கட்ட எளிது. ஆனால் கண்ணிக்குக் கண்ணி 10 செ.மீ. தாண்டும், எடையும் கூடுதல். பக்கிள் வைத்ததில் ஒரு சென்டிமீட்டர் வரை சரிசெய்யலாம். இரண்டும் வேண்டாமென்றால் ஹேமக் முனையில் டைனீமா வளையம் போட்டு, பட்டையை மடித்து பெக்கெட் ஹிட்ச் முடிச்சு. உலோகமே இல்லை, எடையும் இல்லை. பாரம் ஏறினால் முடிச்சு இறுகும், இறங்கினால் ஒரு இழுப்பில் அவிழும். பட்டை வழவழப்பாக இருந்தால் முடிச்சு மெல்ல நழுவும், முதலில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து பாருங்கள். சாவிக்கொத்துக் கொக்கியில் கட்டி அதன் கீழே படுக்கிறவரைப் பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்கும். கொக்கிதான் வேண்டுமென்றால் 12 கிலோநியூட்டன் என்று பொறித்தது, அதாவது சுமார் 1200 கிலோ இழுவை தாங்குவது.

தையல்_மெஷின்:
கொசுவைப் பற்றி யாரும் பேசவில்லையே. மேலே வலை போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஹேமக் துணி உடம்போடு ஒட்டி இறுகி நிற்பதால் கொசு அடியிலிருந்து துணி வழியாகவே குத்தும். முதுகும் தொடையும் தடித்துப் போகும். மூன்று வழி: இரட்டை அடுக்குத் துணி, இடையில் ஒரு பாய், இல்லையென்றால் ஹேமக்கை முழுவதும் உறை போலச் சுற்றும் வலை. உறைவலையில் வலைக்கும் உடம்புக்கும் இடைவெளி இருப்பதால் அடியிலும் கடி இல்லை. மழைக்காலம் போனபின் கழற்றி வீட்டில் வைக்கலாம். ஜிப் வைத்துத் தைத்த வலை ஏற இறங்க வசதி, ஆனால் ஒற்றைத் துணியில் அடிப்பக்கம் திறந்த வாசல்தான்.

தைக்கத் தெரிந்தால் 335 செ.மீ. ஹேமக் வீட்டிலேயே முடியும். 70 டினியர் (நூல் தடிமன்) ரிப்ஸ்டாப் நைலான், அதாவது கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்தது, 150 செ.மீ. அகலம். நீளம் 345 வெட்டுங்கள். நீளவாக்கில் இரண்டு ஓரமும் ஒரு சென்டிமீட்டர் இரட்டை மடிப்பு. முனைகளில் இரண்டரை சென்டிமீட்டர் குழல் வரும்படி மடித்து மூன்று வரிசைத் தையல். நூல் பாலியெஸ்டர், பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். ஊசி 11-ஆம் நம்பருக்கு மேல் போகாதீர்கள், பெரிய ஓட்டை வரிசையாக விழுந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். குழலுக்குள் 3 மி.மீ. டைனீமா வளையத்தைச் செலுத்திச் சுருக்கினால் முடிந்தது. சதுர மீட்டருக்கு 65 கிராம் துணி, ஐந்து சதுர மீட்டர், ஆக 325 கிராம். குடைத்துணியில் தைக்காதீர்கள், அந்தப் பூச்சில் காற்று போகாது, வியர்வையில் ஒட்டும்.

அதோடு சைக்கிள்காரர்களுக்கு: ஆலன் கீ, பெல்ட் பக்கிள், கையுறை வெல்க்ரோ இவற்றோடு ஏறாதீர்கள். வெல்க்ரோ ஒரு முறை பட்டால் வலை நூல் இழுத்துவிடும்.

டெல்டா_ரைடர்:
அக்கா, அந்த உறைவலையைச் சந்தையில் மீட்டர் கணக்கில் விற்கும் கொசுவலைத் துணியில் தைக்கலாமா? அப்புறம், கடலோரத்தில் இரவு 22 டிகிரிதான் இருக்கும். பாய் இல்லாமல் சமாளிக்கலாம் என்று பார்க்கிறேன்.

தையல்_மெஷின்:
தாராளமாகத் தைக்கலாம் தம்பி. 3.3 மீட்டர் நீளக் குழாய் மாதிரி, இரண்டு முனையும் சுருக்குக் கயிறு, அடியில் ஏறி இறங்க ஒரு வாய், அதற்கும் சுருக்கு. பாலியெஸ்டர் வலையாகப் பாருங்கள். பருத்தி வலை பனியில் நனைந்து கனக்கும்.

மலைப்பாதை:
22 டிகிரியில் தரையில் போர்வை இல்லாமல் தூங்குபவருக்கும் ஹேமக்கில் முதுகு குளிரும். அடியில் காற்று நிற்காமல் ஓடுகிறது, உடம்புச் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. ஸ்லீப்பிங் பேக் போட்டுக்கொண்டாலும் அடிப்பக்கப் பஞ்சு உடம்பின் பாரத்தில் நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சு சூடு காக்காது. ஏறக்குறைய 21 டிகிரிக்குக் கீழே போனால் அடியில் ஏதாவது வேண்டும்; கடல் காற்று அடித்தால் அதற்கு முன்பே.

உங்கள் பாதைக்கு 8–10 மி.மீ. ஃபோம் பாய் போதும். 50 செ.மீ. அகலத்தில் தோள் வெளியே நிற்கும், தோள் பகுதியில் மட்டும் குறுக்காக ஒரு துண்டு ஃபோம் சேர்த்தால் தீரும். ஒற்றைத் துணியில் பாய் வழுக்கி நடு இரவில் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். இரட்டை அடுக்குத் துணிக்கு இடையில் செருகினால் நகராது, கொசுவும் தடுக்கப்படும். அதே பாய் மரம் இல்லாத இடத்தில் தரைக்கும் ஆகும், அதனால்தான் சைக்கிளுக்குப் பாயைச் சொல்கிறேன். அடியில் தொங்கவிடும் குயில்ட் (பஞ்சு வைத்த போர்வை) இதைவிடச் சுகம், சந்தேகமே இல்லை, ஆனால் தரையில் படுக்கும் இரவில் அது சுமை.

கொடைக்கானல் தனிக் கதை. ஜனவரி இரவு 8 டிகிரி அளவுக்கு இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. ஃபோம் பாய் போதாது. அந்த இரண்டு மூன்று இரவுக்காக நாகப்பட்டினத்திலிருந்து குயில்ட் சுமப்பது வீண். வத்தலக்குண்டு வரை ஹேமக், மேலே அறை. மேலே நீங்கள் பார்க்கும் பைன் மரக்கூட்டம் பெரும்பாலும் வனத்துறை நிலம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ராஜபாளையம் மேற்கே மலையடிவாரத் தோப்புகளிலும் படுக்காதீர்கள். அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் ஓரம், யானை தோப்புக்குள் இறங்கும். அந்தப் பகுதியில் ஊருக்குள் தங்குங்கள்.

டென்ட்_கட்சி:
தார்ப்பாயை எடுக்கவேண்டியதில்லை என்று சிலர் சொல்வார்கள், ஜனவரியில் மழை ஓய்ந்துவிடும் என்று. டெல்டாவில் தைப்பனி தெரியாதவர்கள் பேச்சு அது. விடியும்போது துணி பிழிகிற அளவுக்கு ஈரம் இருக்கும். இதில் நான் ஹேமக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறேன், தார்ப்பாய் அவசியம்.

நாலுமுழம்:
அப்படிப் போடு! அளவு: நடுக்கயிறு 278, இரண்டு பக்கமும் 20 செ.மீ. விட்டால் 318. ஆக முதுகு நீளம் 3.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. 3 × 3 சதுரத்தை விளிம்பு வாட்டில் போட்டால் பக்கத்துக்கு 11 செ.மீ.தான் மிஞ்சும், சாரல் அடித்தால் தலையணை நனையும். மூலைவிட்டத்தில் போட்டால் 4.24 மீட்டர் நீளம் கிடைக்கும், ஆனால் முனைப்பக்கம் கூம்பிப் போகும். பனிக்கும் சிறு மழைக்கும் அது போதும். வடகிழக்குப் பருவமழைக்கு, அதாவது அக்டோபர்–டிசம்பரில் போவதென்றால், 3.4 மீட்டர் முதுகுள்ள அறுகோணத் தார்ப்பாய். துணி சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர். சிலிக்கான் நைலான் நனைந்தால் தொய்யும், நடு இரவில் எழுந்து கயிறு இறுக்கணும்.

மழை மரத்தின் வழியாக இறங்கிப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நேராக ஹேமக்குக்குள் வரும். தார்ப்பாய்க்கு உள்பக்கமாக, ஹேமக் முனைக்கு ஒரு சாண் முன்னால், பட்டையில் ஒரு துண்டு பருத்தி நாடா கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும். இரண்டு பக்கமும்.

தார்ப்பாய் தனிப் பையில், எல்லாவற்றுக்கும் மேலே. மழையில் அதுதான் முதலில் ஏறும், கடைசியில் இறங்கும். ஈரமாகச் சுருட்டியதை ஹேமக்கோடு ஒரே பையில் போடாதீர்கள். பட்டைகளையும் தனியே, எறும்பும் மரப்பிசினும் அவற்றில்தான் வரும்.

பனங்காட்டான்:
சைக்கிளை என்ன செய்யறதுன்னு சொல்லலியே. சைக்கிளையே ஒரு மரமா நினைச்சு அதுல ஹேமக்கைக் கட்டப் பாக்காதீங்க, 75 கிலோ இழுப்புக்கு அது நிக்காது. ராத்திரி தலைமாட்டு மரத்துல சைக்கிளைச் சாய்ச்சு, சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேத்து மரத்தோட பூட்டுங்க. பழைய ட்யூபுல வெட்டின ரப்பர் வளையத்தைப் பிரேக் லீவர் மேல மாட்டிட்டா சக்கரம் உருளாது. தார்ப்பாய்க் கயிறை ஹேண்டில்பாருல கட்டுறவங்க உண்டு. காத்து திரும்பினா சைக்கிள் உங்க மேலயே விழும். முளை அடிங்க. கடற்கரை மணல்ல சின்ன முளை பிடிக்காது, பையில மணலை நிரப்பிப் புதைச்சு அதுல கட்டணும்.

மரமே இல்லாத ராத்திரிக்கு சைக்கிள்தான் கம்பம். தலைகீழா நிறுத்துங்க, தார்ப்பாயோட ஒரு விளிம்பைச் சக்கரத்து மேல போட்டுக் கட்டி, எதிர் விளிம்பைத் தரையில முளையடிச்சா ஒருச்சாய்ப்பு கொட்டகை. காத்து வர்ற பக்கம் தாழ்வா. உள்ள பாய், மேல வலை. காலையில ஷூவைக் கவிழ்த்துத் தட்டிட்டு மாட்டுங்க, தேள் இருக்கும்.

டெல்டா_ரைடர்:
இப்போதைய பட்டியல்: 335 செ.மீ. இரட்டை அடுக்கு ஹேமக், 278 நடுக்கயிறு, 4 மீட்டர் பாலியெஸ்டர் பட்டை இரண்டு, உறைவலை, 3 × 3 பாலியெஸ்டர் தார்ப்பாய் மூலைவிட்டத்தில், 8 மி.மீ. ஃபோம் பாய். இரட்டை அடுக்கு இருந்தால் உறைவலையை விட்டு மேல்வலை மட்டும் எடுக்கலாமா? எடை குறையுமே.

தையல்_மெஷின்:
பாய் தோள் வரை மறைத்தால் மேல்வலை போதும். ஆனால் மேல்வலையைத் தரையில் பயன்படுத்த முடியாது, அது ஹேமக் ஓரத்தோடு தைத்தது. பனங்காட்டான் சொன்ன மரமில்லா இரவுக்கு உறைவலைதான் தனியாகக் கழன்று வரும். 100 கிராமுக்காக அதை விடாதீர்கள்.

நாலுமுழம்:
மூலைவிட்டத்தில் போடும் தார்ப்பாய்க்கு இரண்டு எதிர் மூலைகள் மரத்துக்குப் போகும், மற்ற இரண்டு தரைக்கு. அந்த மர மூலைகளின் வளையத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள். பல தார்ப்பாய்களில் நடு விளிம்பு வளையம்தான் வலுவாகத் தைத்திருக்கும், மூலை பலவீனமாக இருக்கும். பலவீனமென்றால் தையல்_மெஷின் அக்காவிடம் ஒரு கை நீளத் துணிப் பட்டி வைத்துத் தைக்கக் கேளுங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டுப் பக்கம் ஒரு இரவு முழுக்கத் தூங்கிப் பாருங்கள். கால்மாட்டைத் தலைமாட்டைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் உடம்பு கால் பக்கம் வழுக்காது.

டெல்டா_ரைடர்:
மூலை வளையம் ஒற்றைத் தையல்தான், இப்போதுதான் பார்த்தேன். தைக்கக் கொடுக்கிறேன். பட்டி என்ன துணியில்?

தையல்_மெஷின்:
அதே சிலிக்கான் துணி வேண்டாம், தையல் வழுக்கும். பைக்குத் தைக்கிற 20 மி.மீ. பாலியெஸ்டர் பட்டையை மூலையில் ‘வி’ வடிவில் இரு விளிம்போடும் 15 செ.மீ. ஓடவிட்டு, நுனியில் பெட்டித் தையல். தைத்த ஓட்டைகளில் சிலிக்கான் பசையை மண்ணெண்ணெயில் கரைத்துத் தடவி ஒரு நாள் நிழலில் காயவையுங்கள்.